மே மாச ராத்திரி: கம்பத்துல இருந்து தெற்கு வானம்

போன வாரம் கம்பத்துக்கு, எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி கரண்ட் போயிருச்சு. மொட்டை மாடியில பாய் விரிச்சு அப்பத்தாவோட படுத்திருந்தப்ப அவங்க கேட்டாங்க: "ஏய்யா, இந்த மாசத்துக்குச் சித்திரைன்னு ஏன் பேரு வச்சாங்க?" எஞ்சினியரிங் முடிச்சு ஆறு வருஷம் கோடு எழுதுறவன் நான். பதில் தெரியல. அதுதான் இந்த எபிசோட்.

விஷயம் எளிது. சித்திரைங்கிறது ஒரு நட்சத்திரம், இங்கிலீஷ்காரங்க ஸ்பைகான்னு சொல்றது. இந்த மாசப் பௌர்ணமி நிலா அதை ஒட்டி வரும். சில வருஷம் கொஞ்சம் தள்ளியும் நிக்கும். அப்பத்தா வயசுல மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்தே ஏறினவங்க. வருஷத்துக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்னைக்கு மட்டும்தான் அங்க விடுவாங்க. ஆனா பொழுது சாயுறதுக்குள்ள எல்லாரும் கீழ இறங்கிரணும். அதனால அந்த நிலாவை அந்த மலைமேல நின்னு பார்க்கிற ஆளே இல்ல.

சரி, நட்சத்திரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வடக்கே சப்தரிஷி மண்டலம். அதோட வால் வளையுற திசையிலேயே கண்ணை இழுத்துட்டுப் போங்க. முதல்ல ஆரஞ்சு நிறத்துல சுவாதி, அதே வளைவுல இன்னும் போனா வெள்ளையா சித்திரை. அப்பத்தாவுக்கு ஒரு கண்ணுல கண்புரை ஆபரேஷன் ஆயிருக்கு, இன்னொண்ணு பாக்கி. ஆபரேஷன் ஆன கண்ணால பார்த்துட்டு "இருக்குய்யா"ன்னாங்க.

இனி தெற்கே திரும்புங்க. நாம இருக்கிறது பூமத்திய ரேகையில இருந்து வெறும் 10 டிகிரி வடக்கே. கையை நீட்டி மூடின முஷ்டி சுமாரா 10 டிகிரி. வடக்கே துருவ நட்சத்திரம் ஒரே முஷ்டி உயரத்துலதான் இருக்கும். அதுக்குப் பதிலா தெற்கு நமக்குத் தாராளம். தெற்குச் சிலுவை இரண்டு முஷ்டி உயரம் வரைக்கும் ஏறி வரும். டெல்லியில அதோட அடி நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல வரவே வராது.

மே முதல் வாரத்துல ராத்திரி 10 மணி, நடுவுல 9.15, கடைசியில 8.15 வாக்குல அது நேர் தெற்கே நிக்கும். தினம் 4 நிமிஷம் முன்னாடி வரும்.

போன வருஷம் இதே நிகழ்ச்சியில நான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க. தென்மேற்கே தாழ்வா பெருசா ஒரு சிலுவை தெரியும், அது போலி. உண்மையானது சின்னது, மூணு விரல் அகலம்தான். அதுக்கு இடதுபக்கம் பிரகாசமா இரண்டு நட்சத்திரம் துணைக்கு நிக்கும். 11 மணிக்கெல்லாம் அது மேற்கே சாஞ்சு இறங்க ஆரம்பிச்சிருக்கும்.

அந்த இரண்டுல தள்ளி இருக்கிறதுதான் ஆல்ஃபா சென்டாரி. 4.37 ஒளியாண்டு தூரம். அது ஒண்ணு இல்ல, இரட்டைன்னு முதல்ல கண்டுபிடிச்சது எங்க தெரியுமா? நம்ம புதுச்சேரியில! 1689 டிசம்பர்ல, ழான் ரிஷோங்கிற பிரெஞ்சுப் பாதிரியார், வால்நட்சத்திரம் பார்க்கத் தொலைநோக்கியைத் திருப்பினப்ப சிக்கினது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒமேகா சென்டாரி. சித்திரையில இருந்து நேரா கீழே மூணரை முஷ்டி. வெறும் கண்ணுக்கு மங்கின புள்ளி. பைனாகுலர்ல பஞ்சு உருண்டை. அந்தப் பஞ்சுல இருக்கிறது சுமார் 1 கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தள்ளி. இதுக்கு நிலா இருக்கக் கூடாது, அமாவாசையை ஒட்டிப் போங்க.

எங்க நிக்கணும்ங்கிறதுலதான் நம்மூர்ச் சிக்கல். 1,000 மீட்டர் மலைக்கு 3 கிலோமீட்டர்ல நின்னா, 18 டிகிரி உயரம் வரை மறைச்சிரும். சிலுவையோட அடி 17 டிகிரியில, காலி! 10 கிலோமீட்டர் தள்ளி நின்னா 6 டிகிரிதான் மறையும். அதனால கூடலூர் மலையடிவாரத்தை விட சின்னமனூர்ப் பக்கம் வயக்காடு நல்லது. திராட்சைப் பந்தலுக்குள்ள நின்னுட்டு ஒண்ணும் தெரியலைன்னு மெசேஜ் போடாதீங்க.

அன்னைக்குக் கரண்ட் வந்ததும் எதிர்வீட்டு போகஸ் லைட் எரிஞ்சுது, சித்திரை மட்டும் மிச்சம். அப்பத்தாவே மாடியில இருந்து கூப்பிட்டு, அரைமணி நேரம் அணைக்கச் சொன்னாங்க. அணைச்சாங்க. அந்த அரைமணி நேரத்துலதான் பைனாகுலர்ல பஞ்சைக் காட்டினேன்.

நீங்களும் இந்த மாசமே பாருங்க. சாயங்கால மழை கொட்டிட்டுப் போன ராத்திரின்னா தூசி அடங்கி வானம் கழுவின மாதிரி இருக்கும். ஜூன்ல தென்மேற்குக் காத்து கிளம்பிட்டா, மேற்கு மலையில இருந்து மேகம் இறங்க ஆரம்பிச்சிரும்.