யன்னலைக் கழற்றுமுன் பதிவேட்டைத் திறவுங்கள்

பள்ளக்கண்டல் அந்தோனியார் திருநாளுக்குப் போகிற சனம் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தைக் கடந்துதான் வில்பத்துக் காட்டுக்குள் நுழையும். அந்தப் போக்குவரத்துத் தொடங்குவதற்குள் இந்தக் கரையோரக் கோயில்களில் வெள்ளையடிப்பு, ஓடு மாற்றல் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதனால்தான் இந்தக் கிழமை வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: பழைய வண்ணக் கண்ணாடி யன்னல் வயிறு தள்ளி நிற்கிறது, கழற்றிவிட்டு அலுமினியம் பூட்டலாமா? சிலர் விற்கலாமா என்றும் கேட்கிறார்கள். "அது தொல்பொருள், தொட்டால் பொலிஸ் வரும்" என்று யாரோ பயமுறுத்தியும் இருக்கிறார்கள்.

பொலிஸ் வராது. கவலைக்குரிய விசயமே அதுதான்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒரு திகதியில் கோடு கிழிக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியதென்றால் புராதனம், பிந்தியதென்றால் இல்லை. வண்ணக் கண்ணாடிக் கலையோ ஐரோப்பாவிலேயே மங்கிக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி தழைத்தது. சென்னை சாந்தோம் பேராலயத்துக்கு யன்னல் செய்து கொடுத்த ம்யூனிக் நகரத்து மேயர் நிறுவனம் தொடங்கியதே 1847இல். ஆகவே நம் கோயில்களில் இருக்கும் வண்ணக் கண்ணாடி அநேகமாக முழுவதும் கோட்டுக்கு இந்தப் பக்கம். எத்தனை தலைமுறை போனாலும் அந்தக் கோடு நகராது.

இந்தியாவில் கோடு நகர்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் நிறைந்தால் தொல்பொருள். கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் அதில் அடங்கும். தெலங்கானாவின் மேதக் பேராலயத்தில் பிராங்க் சாலிஸ்பரி வடிவமைத்த மூன்று பெரிய யன்னல்களில் முதலாவது 1927இல் பொருத்தப்பட்டது. அதற்கு 2027இல் நூறு நிறைகிறது. அதே வயதுள்ள யன்னல் நம் கரையில் இருந்தால் அது வெறும் யன்னல்தான்.

"பிற்காலக் கட்டடங்களையும் பாதுகாக்கிறோமே" என்று அதிகாரிகள் சொல்வார்கள். அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கலாம், உண்மை. அந்த "லாம்" என்ற ஈற்றைக் கவனியுங்கள். பெயர் ஏறாத கோயிலுக்கு அந்தப் பாதுகாப்பு காகிதத்தில்கூட இல்லை.

மிச்சம் இருப்பது திருச்சபைச் சட்டம். கலையாலோ வரலாற்றாலோ மதிப்புள்ள பொருளைக் கைமாற்ற உரோமையின் அனுமதி வேண்டும் (1292ஆம் பிரிவு). பலமான பூட்டு. ஆனால் மதிப்புள்ளது என்று யார் சொல்வது? 1283ஆம் பிரிவு ஒரு பதிவேடு கேட்கிறது: பொருள், விவரிப்பு, மதிப்பீடு, ஒரு பிரதி பங்கில், மற்றது ஆயர் இல்லத்தில். அந்தப் பதிவேட்டில் "யன்னல் 6" என்று மட்டும் எழுதியிருந்தால், கழற்றும் நாளில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழாது. பழைய மரச்சட்டத்தோடு சேர்ந்து அதுவும் போய்விடும். "புனித அன்னம்மாள், ஈயம் பூட்டிய வண்ணக் கண்ணாடி, கீழே நன்கொடைக் குடும்பத்தின் பெயர்" என்று எழுதியிருந்தால், விற்பதற்கு முன் ஒருவராவது கேள்வி கேட்டாக வேண்டும். அந்த ஒரு வரியை எழுத அரைமணி நேரம் போதும். படமும் எடுத்து ஒட்டுங்கள், சிலாபம் ஆயர் இல்லத்துப் பிரதியிலும் ஏற்றுங்கள்.

வயிறு தள்ளுவது ஏன்? பெரும்பாலும் கண்ணாடியில் பிழை இல்லை. துண்டுகளைக் கோத்து நிற்கும் ஈயப்பட்டி பல பத்தாண்டு வெயிலில் தளர்கிறது. பின்னால் தாங்கும் இரும்புக் கம்பியை உப்புக்காற்று அரிக்கிறது. துரு பிடித்த இரும்பு பருத்து, கம்பி செருகிய சுவரையே வெடிக்க வைக்கும். வெளியே நின்று பக்கவாட்டில் பாருங்கள்: ஈயத்தில் வெள்ளைத் தூளும், கம்பி முனையில் காவிக் கசிவும் தெரிந்தால் கம்பியை மாற்றி, ஈயத்தைப் புதிதாகக் கோக்க வேண்டிய நேரம். கண்ணாடி திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடும்.

சவர்க்காரம் போட்டுத் துடைக்கலாமா? வேண்டாம். புனிதரின் கண்ணும் புருவமும் கண்ணாடிமேல் தீட்டிச் சூளையில் சுட்ட கோடுகள். சூடு போதாமல் சுட்டிருந்தால் துணியோடு வந்துவிடும்.

வெளியே பிளாஸ்டிக் தகடு அடித்தால்? காற்றுப் போக இடைவெளி விடாவிட்டால் வெக்கையும் ஈரமும் உள்ளே அடைபடும்.

வெளிநாட்டுக்கு விற்கலாமா? பண்பாட்டுச் சொத்தை ஏற்றுமதி செய்ய 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும்; வாங்க வருகிறவர் அதைச் சொல்லமாட்டார்.

நன்கொடைக் குடும்பம் திருப்பிக் கேட்டால்? கொடுத்தது கோயிலுக்கு. ஆனால் எந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களோ, அதற்கு மட்டும்தான் கோயிலும் அதைப் பயன்படுத்தலாம் (திருச்சபைச் சட்டம், 1267ஆம் பிரிவு).

உடைந்த துண்டுகள்? பெட்டியில் போட்டு, எந்த யன்னலின் எந்த மூலை என்று எழுதி, சக்கிறீஸ்தில் வையுங்கள்.