மழைக்கு முன் மோட்டார் சைக்கிளைச் சோதிப்போம்

தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், பட்டணத்தில் சாமான் வாங்கவும் அதுவே நமக்குத் துணை. ஆயினும், நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே என்பதை நாம் மறத்தல் கூடாது.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை வீசுகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் அது பெருமழையைக் கொணரும். மேற்குக் கரையிலோ அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே மாலை மழை வலுத்துவிடும். செம்மண் பாதை சேறாகும், தார்ச்சாலை வழுக்கும். ஆகவே, செப்டம்பர் மாதம் முடிவதற்குள் வண்டியை ஒருமுறை முழுமையாகச் சோதித்தல் நன்று.

அண்மையில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் தம் வண்டியின் பின் பிரேக்கைக் காட்டி, “பிடிப்புக் குறைந்தால் இந்த நட்டைத் திருகிவிடுவேன் ஐயா, உடனே சரியாகிவிடும்” என்றார். நட்டோ கம்பியின் கடைசி மரை வரை சென்றுவிட்டிருந்தது. மேலும் திருக இடமில்லை. அவ்வண்டியில்தான் அவருடைய மகள் நாள்தோறும் பள்ளிக்குச் செல்கிறாள். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பிரேக் கட்டைகள் முற்றிலும் தேய்ந்து உலோகம் வெளிப்பட்டிருந்தது. புதிய கட்டைகளைப் பொருத்திய பின்னரே அவர் வண்டியை எடுத்துச் சென்றார்.

இத்தவறு நம்மில் பலரும் செய்வதே. நட்டைத் திருகுவதால் தேய்ந்த கட்டை வளர்வதில்லை. கட்டைக்கும் சக்கரக் குடத்துக்கும் உள்ள இடைவெளி மட்டுமே குறைகிறது. அதனால் பிரேக் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்; தேய்மானமோ மறைந்தே இருக்கும்.

பிரேக்

சக்கரக் குடத்தின் பக்கத்தில், பிரேக் கம்பி இணையும் கையை ஒட்டிச் சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கும். பிரேக்கை முழுமையாக மிதித்துப் பிடியுங்கள். அம்பு, குடத்தட்டில் பொறித்துள்ள குறியை எட்டிவிட்டால் கட்டைகளை மாற்றும் காலம் வந்துவிட்டது என அறிக. அதன்பின் நட்டைத் திருகிக் காலம் கடத்துதல் ஆபத்தாகும். குடத்தைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள்; அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

தேங்கிய நீரைக் கடந்து வந்தபின் பிரேக் சற்று நேரம் பிடிக்காது. மெதுவாகச் சென்றவாறே இலேசாகப் பலமுறை பிடித்துவிட்டால் ஈரம் உலரும்.

டயர்

டயரின் மேற்புறத்திலுள்ள பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவையல்ல. சாலையிலுள்ள நீரை ஒதுக்கி, ரப்பர் தரையைப் பற்றிக்கொள்ள அவையே வழிசெய்கின்றன. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் உண்டு. டயர் அம்மேடுகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் புதிய டயர் மாற்ற வேண்டும். காற்றின் அளவை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்வோர், அதற்கெனக் கையேடு குறிப்பிடும் அளவில் காற்று நிரப்புதல் வேண்டும்.

சங்கிலி

இயந்திரத்தை நிறுத்திவிட்டே சங்கிலியைத் தொடுங்கள். ஓடும் சங்கிலி விரலைத் துண்டித்துவிடும். உறையிலுள்ள ரப்பர் மூடியை நீக்கி, கீழ்ச் சங்கிலியின் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் ஏறத்தாழ 3 செண்டிமீட்டர் அசைவு இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே இறுதியானது. சங்கிலியை இறுக்கும்போது பின்சக்கரம் பின்னோக்கி நகர்வதால் பிரேக்கின் அளவும் மாறும். ஆதலின், சங்கிலியைச் சரிசெய்தவுடன் பின் பிரேக்கை மீண்டும் சோதிக்க வேண்டும்.

விளக்கும் எண்ணெயும்

1992ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிடுதல் கட்டாயமாகும். மழையில் எதிரே வருவோர் நம்மைக் காண்பதும் அவ்விளக்கினால்தான். கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் தனித்தனியே பிடித்து, இரண்டிற்கும் பின்விளக்கு எரிகிறதா எனப் பாருங்கள். இயந்திர எண்ணெயின் அளவைக் கோலால் அளந்திடுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. உடனே பட்டறையில் காட்டுங்கள்.

இச்சோதனைகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. நம் கண்ணும் கையும் ஒரு மணி நேரமுமே போதும். பால்வெட்டு நின்றுபோகும் மழை நாளுக்காகக் காத்திராமல், அடுத்து வரும் ஓய்வு நாளிலேயே வண்டியை வாசலில் நிறுத்துங்கள். முதலில் அந்த அம்புக்குறியைப் பாருங்கள். பார்க்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் காட்டிக் கொடுங்கள்.