அந்தரத்தில் நிற்கும் நண்பன்

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் தோட்டங்களில், காலை வெயில் ஏறும் வேளையில் ஓர் அவரைப் பந்தலருகே சற்றே நின்று பாருங்கள். மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டையிட்ட சிறு பூச்சியொன்று, கயிற்றில் தொங்கவிட்டாற்போல் அந்தரத்தில் அசையாது நிற்கும். மறுகணம் மாயமாய் மறையும். குளவியென்று குழந்தைகள் அலறுவார்கள். ஆனால் அதற்குக் கொடுக்கே கிடையாது. அது வெறும் ஈ. சிர்பிட் ஈ என்று வேளாண் நூல்கள் இதனைக் கூறும்.

குளவிக்கும் தேனீக்கும் சிறகுகள் நான்கு, ஈக்கு இரண்டே. சிர்பிட் ஈயின் சிறகு நடுவே, இரு முனைகளிலும் எதனோடும் சேராத பொய் நரம்பு ஒன்று ஓடும். அதுவே இக்குடும்பத்தின் முத்திரை.

குடும்பத்தை அறிவது எளிது. இனத்தை அறியவோ கூர்ந்த பார்வை வேண்டும். வயிற்றின் நடுக்கணுக்களில் தடித்த பட்டையொன்றும் மெல்லிய பட்டையொன்றும் இணைந்திருப்பின், அது எபிசிர்பஸ் பால்டியேட்டஸ். ஸ்வீடன் தேசத்து தெ கீர் 1776-ல் பெயரிட்ட இந்த ஈ, ஐரோப்பா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியது. ஆண் ஈயின் பின்னங்கால் அடியில் மெல்லிய முள்போன்ற நீட்சியிருப்பின், அது இஸ்கியோடன் ஸ்குடெல்லாரிஸ். இந்தியா, இலங்கை தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை அது வாழ்கிறது. இதற்கு 1805-ல் பெயர் சூட்டியவர் பாப்ரீசியஸ். நம் தரங்கம்பாடியிலிருந்து கடல் கடந்து சென்ற பூச்சிகள் பலவற்றுக்கும் அவரே பெயரிட்டார்.

சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்ட புருனெட்டி என்பவர், இந்திய சிர்பிட் ஈக்களைத் தொகுத்து 1923-ல் நூலொன்று வெளியிட்டார். இத்தகைய நூல்களில் காணும் ஊர்ப்பெயர்கள், வலையுடன் ஆராய்ச்சியாளர் சென்ற இடங்களையே காட்டும். வலை வீசாத ஊர் தேசப்படத்தில் வெறுமையாய்க் கிடக்கும். அங்கே ஈ இல்லை என்பது அதன் பொருளன்று. பார்த்து எழுதியவர் இல்லை என்பதே பொருள். ஊரும் தேதியும் குறித்த தெளிவான புகைப்படம் ஒன்று இன்று அவ்வெற்றிடத்தை நிரப்ப உதவும்.

இதனால் நமக்கென்ன லாபம் என்பீர்களோ? அவரைக் கொடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்தின் நடுவேதான் தாய் ஈ முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் காலற்ற சிறு புழு, அசுவினியை ஒவ்வொன்றாகப் பற்றி உறிஞ்சித் தின்னும். இதையறியாதவர் அப்புழுவையே பகைவனென்று நசுக்குகிறார்கள். நச்சு மருந்து தெளித்தாலோ இரண்டும் மடியும். ஆணின் துணையின்றியே குட்டி போடும் அசுவினி விரைவில் மீண்டும் பெருகும். அதைத் தின்னும் புழு அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை.

ஆகவே, மருந்தைக் கையிலெடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிகளிடையே புழு ஊர்ந்தால், நாலு நாள் பொறுத்திருங்கள்.