இணையத் தன்னார்வக் குழுமங்களில் மூத்தோரும் புதியோரும்: நன்னூலின் மடற்பனை உவமையை முன்வைத்து

முன்னுரை

விக்கிப்பீடியா, விக்கிமூலம், திறமூல மென்பொருள் திட்டங்கள், மின்னூலாக்கக் குழுக்கள் ஆகியன ஊதியம் பெறாத பங்களிப்பாளர்களின் உழைப்பால் இயங்குவன. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலத்திலும், 2003இல் தமிழிலும் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. தமிழ்த்துறை மாணவர்கள் இத்தகைய பணிகளில் ஈடுபடுமாறு பயிலரங்குகளில் ஊக்குவிக்கப்படுகின்றனர். கணக்குத் தொடங்குதல், தட்டச்சு செய்தல், மேற்கோள் இணைத்தல் ஆகியன அங்குக் கற்பிக்கப்படுகின்றன. முதல் வாரத்திலேயே மூத்த பங்களிப்பாளர் ஒருவர் இளக்காரமாக மறுமொழி தந்தால் என்செய்வது என்பது மட்டும் கற்பிக்கப்படுவதில்லை. மாணவர் பலர் விலகிச் செல்வது அவ்விடத்தில்தான் என்பது இக்கட்டுரையாளரின் பட்டறிவு. அவ்விலகலின் காரணங்களையும், புதியவர் மேற்கொள்ளத்தக்க வழிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

ஒரு நிகழ்வு

முதுகலை மாணவி ஒருவர் மின்னூலாக்கக் குழு ஒன்றில் மெய்ப்புப் பார்க்கும் பணியில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஓர் உரைநடை நூல். அந்நூலில் ‘யென்று’ என வந்த இடங்களை அவர் ‘என்று’ எனத் திருத்தினார். விடுபட்ட வல்லொற்றுகளை இட்டார். நெடிய புணர்ச்சித் தொடர்களைப் பிரித்தெழுதினார். மூன்று நாள் உழைப்பில் 22 பக்கங்கள் முடிந்தன. நான்காம் நாள் மூத்த பங்களிப்பாளர் ஒருவர் அனைத்தையும் பழைய நிலைக்கு மீட்டமைத்துவிட்டு, தமிழ் படித்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்ற நினைப்பில் வருகிறார்கள் என்றும், விதிகளைப் படிக்கத் தெரியாதவர்க்கு இங்கு வேலையில்லை என்றும் பொருள்பட எழுதினார். எந்த விதி என்பதை அவர் குறிப்பிடவில்லை. மாணவி அதன்பின் அக்குழுவிற்குச் செல்லவேயில்லை.

இங்குக் கருதத்தக்கது, மூத்தவர் செய்த மீட்டமைப்பு சரியானது என்பதே. பழம்பதிப்பை மின்னுருவாக்குங்கால் அச்சில் உள்ளவாறே பெயர்த்தெழுதுதல் வேண்டும். அக்காலத்து எழுத்துவழக்கிற்கு அப்பதிப்பே சான்று. அம்மாணவி சுவடிப்பதிப்பியலை ஒரு தாளாகப் பயின்றவர். பாடவேறுபாட்டின் அருமையை அறிந்தவர். “இது பதிப்பன்று, படியெடுப்பு, மூலத்தில் உள்ளவாறே இருக்கட்டும்” என்று ஒரு தொடர் சொல்லியிருந்தால் அப்பொழுதே ஏற்றுக்கொண்டிருப்பார். அந்தத் தொடர் சொல்லப்படாமையால் அக்குழு பயிற்சி பெற்ற மெய்ப்பாளர் ஒருவரை இழந்தது.

மடற்பனையும் பிறவும்

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு உவமை கூறியதோடு நில்லாமல், ஆசிரியர் ஆகாதார்க்கும் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகள் தந்துள்ளார். இவற்றுள் மடற்பனை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனை, தன்னிடம் பழம் இருந்தும் எவரையும் அணுகி ஏற விடுவதில்லை. தானாக விழுந்ததே பிறர்க்குக் கிடைக்கும். அறிவு இல்லாமை அதன் குறையன்று, அணுகவொட்டாமையே குறை. மேற்கண்ட மூத்தவரும் அத்தகையவரே. பருத்தி அடைத்த குண்டிகையோ சிறிது சிறிதாகவேனும் தந்துவிடும்.

எனினும் இவ்வுவமையை முழுதும் பொருத்துதல் இயலாது. நன்னூல் பேசுவது ஆசிரிய மாணாக்கர் உறவு. அங்கு மாணவன் பணிந்து, ஆசிரியரின் குறிப்பறிந்து ஒழுகுதல் கடமையாக விதிக்கப்படுகின்றது. தன்னார்வக் குழுமத்தில் அத்தகைய உடன்பாடு இல்லை. மூத்தவர் முன்னே வந்தவரேயன்றி ஆசிரியர் அல்லர். கற்பிக்கும் பொறுப்பை அவர் ஏற்றதும் இல்லை. ஆசிரியர்க்குரிய பணிவை எதிர்பார்த்து, ஆசிரியர்க்குரிய கடமையை மேற்கொள்ளாமை என்பதே இளக்காரத்தின் இயல்பு எனலாம்.

காரணங்கள்

புதியவரின் பிழை அவருக்கு முதற்பிழை. மூத்தவருக்கோ அது நூறாவது முறையாகக் காணும் பிழை. முன்னர் வந்த தொண்ணூற்றொன்பது பேர் மீதான சலிப்பு நூறாமவர் மீது இறங்குகின்றது. ஊதியமில்லாப் பணியில் மதிப்பு ஒன்றே ஈட்டம் என்பதனால், அம்மதிப்பை உறுதிப்படுத்திக்கொள்ளும் விழைவும் இதனுடன் சேர்கின்றது. இவை உளவியல் சார்ந்தன, எளிதில் உணரத்தக்கன.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது கருவி சார்ந்த காரணம். ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான பங்களிப்பாளர் தொகை 2007இல் உச்சத்தை எட்டிப் பின் குறைந்தது. ஏரன் ஹாஃப்பேக்கரும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. நல்லெண்ணத்துடன் வரும் புதியவர்களின் விகிதம் குறையவில்லை. அவர்களுடைய தொகுப்புகள் நிராகரிக்கப்படும் அளவே கூடியது. அந்நிராகரிப்பே அவர்கள் தங்காமைக்கு முதன்மைக் காரணம் என்பது அவ்வாய்வின் முடிவு. நாசவேலையைத் தடுக்க உருவான ஹக்கிள் போன்ற கருவிகள், ஒரு சொடுக்கில் மீட்டமைக்கவும் ஆயத்த எச்சரிக்கையை இடவும் உதவின. விளைவாக, நாசக்காரர்க்கென எழுதப்பட்ட சொற்கள் அறியாமற் பிழைசெய்தவரையும் சென்றடைந்தன. எனவே புதியவர் பெறும் கடுமொழிகளுட் சில, எவரும் அவரை எண்ணி எழுதியன அல்ல. இதனை அறிதல் ஓரளவு ஆறுதல் தரும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டவரும் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் ஒருங்கே எழுதுகின்றனர். ‘ரொறன்ரோ’ என்பது இலங்கை வழக்கு. ‘டொராண்டோ’ என்பது தமிழ்நாட்டு வழக்கு. முன்னதைப் பிழையெனக் கருதித் திருத்தும் தமிழ்நாட்டுப் புதியவர், தாம் பிறருடைய வழக்கை அழித்ததை உணர்வதில்லை. அதனைக் காணும் மூத்தவரோ அறியாமையை ஆணவம் எனக் கொள்கின்றார். மேலும் தமிழ் வினைமுற்றே மரியாதையை ஏந்தி நிற்பது. ‘ஐயா’ என விளித்துக் கேட்ட வினாவிற்கு விளியே இல்லாத ஏவலொன்று மறுமொழியாக வருமாயின், வேறு வசைச்சொல் எதுவும் வேண்டுவதில்லை.

புதியவர் மேற்கொள்ளத்தக்கன

முதலாவது, செய்தியையும் தொனியையும் பிரித்தறிதல். நன்னூலார் மாணாக்கருள் தலையாயவர்க்கு அன்னத்தையும், கடையர்க்கு நெய்யரியையும் உவமையாக்கினார். நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வது. இளக்காரச் சொல்லை மட்டும் நினைவிற்கொண்டு, அதனுள் இருந்த விதியை விட்டுவிடும் புதியவர் நெய்யரி போன்றவரே. மறுமொழியைப் படித்தவுடன், “இதிலிருந்து வசையை நீக்கினால் எஞ்சுவது யாது?” எனத் தாளில் எழுதிப்பார்த்தல் பயன்தரும். எதுவும் எஞ்சவில்லையெனின் அம்மறுமொழிக்கு விடை கூற வேண்டியதில்லை.

எஞ்சுவது ஒன்றுண்டாயின் அதனைக் குறித்தே வினவுதல் வேண்டும். “தாங்கள் கூறும் விதி எப்பக்கத்தில் உள்ளது? இத்தொகுப்பில் எவ்வரி அதற்கு முரண்?” என்னும் இரு வினாக்களே போதுமானவை. தம் கல்வித்தகுதியை எடுத்துரைத்தல் கூடாது. தன்னார்வக் குழுமங்களில் முனைவர் பட்டத்திற்குத் தனி மதிப்பில்லை. அது பகையையே வளர்க்கும். தமிழ்த்துறையினர்க்கு இது கசப்பானதே. வினாவைப் பொதுவான உரையாடல் பக்கத்தில் இடுவது தனிமடலினும் நன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்னும் பொதுவிடம் உள்ளது. ஆங்கிலத்தில் புதியவர்க்கெனவே 2012 முதல் தேநீரகம் என்னும் பெயரில் ஓரிடம் இயங்குகின்றது. பலர் காண எழுதுங்கால் மூத்தவரின் தொனி தணிவதும், நடுவர் ஒருவர் முன்வருவதும் இயல்பு.

நீக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் இடுதல் தவிர்க்கத்தக்கது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருநாளில் மூன்று முறைக்கு மேல் மீட்டமைப்பவர் தடைக்குள்ளாக நேரும். அத்தடை, சரியான கருத்துடையவரையும் விலக்கிவைக்காது.

வசை தொடருமாயின் பொறுத்திருத்தல் கடமையன்று. முன்னர் இது புதியவரின் மென்மைக்குறைவாகவே, அதாவது தோல் தடிக்காமையாகவே, கருதப்பட்டது. இன்று நிலைமை வேறு. லினக்ஸ் கருநிரலின் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுமொழிகளுக்காக 2018 செப்டம்பரில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அத்திட்டம் நடத்தை விதிகளையும் ஏற்றது. நிரலாளர் வினாவிடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, தான் புதியவரை வரவேற்கும் இடமாக இல்லை என அதே ஆண்டு ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. விக்கிமீடியா அறக்கட்டளை அனைத்துத் திட்டங்களுக்குமான பொது நடத்தை விதித்தொகுப்பிற்கு 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. முறையிடுவோர் உணர்ச்சி விளக்கத்தைக் காட்டிலும் உரிய பக்கங்களின் இணைப்பையும் நாளையும் தருதல் நலம். விலகுதலும் ஒரு வழியே. இலவசமாக உழைப்பவர் எவ்விடத்தில் உழைப்பது என்பதைத் தாமே தெரிவுசெய்யலாம்.

மேற்குறித்த நிகழ்விற்கு அடுத்த ஆண்டு, அதே மின்னூலாக்கக் குழுவிற்கு வேறொரு மாணவர் சென்றார். பயிலரங்கின் இறுதி ஒருமணி நேரத்தை இளக்கார மறுமொழிகளுக்கு விடையெழுதும் பயிற்சிக்கென நாம் ஒதுக்கியிருந்தோம். அவரும் ‘யென்று’ என்பதைத் திருத்தினார். அதே மூத்தவர் அதே முறையிற் சாடினார். மாணவர் மேற்கண்ட இரு வினாக்களை உரையாடல் பக்கத்தில் இட்டார். இரு நாள் கழித்து, விளியுமில்லாமல் விளக்கமுமில்லாமல், விதிப்பக்கத்தின் இணைப்பு மட்டும் வந்தது. அவர் அதனைப் படித்துத் தம் தொகுப்புகளைத் தாமே மாற்றினார். நூலின் எஞ்சிய பக்கங்களை அம்மாணவரே முடித்துக்கொடுத்தார்.