பிழைத்த பின்னர்

வேலூரிலிருந்தோ மகரகமவிலிருந்தோ “பிள்ளை பிழைத்துக்கொண்டான்” என்ற செய்தி வந்து சேர்ந்ததும், காரைதீவில் ஒரு வீடு எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் எளிதில் ஊகிக்கலாம். தாய் கண்ணகை அம்மனுக்கு வைத்த நேர்த்தியை நினைத்துக்கொள்வாள். நிந்தவூரிலிருந்தும் மாளிகைக்காட்டிலிருந்தும் தந்தையின் முஸ்லிம் நண்பர்கள் சுகம் விசாரிக்கப் புறப்படுவார்கள். ஆனால் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தவேண்டிய சங்கடம் அந்தத் தாய்க்கு நேரும். என்பு மச்சை மாற்றப்பெற்றவனைப் பல மாதங்கள் கூட்டத்திலிருந்து விலக்கி வைத்தே காக்கவேண்டும். வந்தவரை உள்ளே அழைக்காதிருப்பது நமது கரையோரத்திலே சிறிய குற்றமா? நாளடைவில் வருகை குறைகிறது. அறைக்குள் இருப்பவனுக்கோ, ஊரே தன்னை மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

மச்சை மாற்று என்றதும் கத்தியும் தையலும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதனைப் பெறுபவரை அறுப்பதில்லை. கடும் மருந்தினாலும், சிலருக்குக் கதிர்வீச்சினாலும் பழுதுற்ற மச்சையை அழித்துவிட்டு, கொடையாளியின் உயிரணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றுகிறார்கள். உடன்பிறந்தார் ஒருவருடையது முற்றிலும் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பே உண்டு. இவ்வைத்தியத்துக்கு வழிகண்ட அமெரிக்கரான டொனல் தோமஸ் 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இது 1986இலேயே தொடங்கியது.

இதன்பின் உடலில் நிகழும் மாறுதல் வியப்புக்குரியது. கொடையாளியின் இரத்தவகை வேறானால், பெற்றவருடைய இரத்தவகையும் காலப்போக்கில் அதுவாகவே மாறிவிடும். குழந்தைப் பருவத்திற் போட்ட தடுப்பூசிகளை வளர்ந்த ஆளுக்கு மறுபடியும் போடவேண்டும். மறுபிறவி என்பது இங்கே வெறும் அலங்காரச் சொல்லன்று. ஆயினும் மறுபிறவி எடுத்த உடலுக்குள்ளே பழைய மனமே இருக்கிறது. அது பட்டதை மறக்கவில்லை.

2004 டிசெம்பர் 26இற் கடல் புகுந்த ஊர் காரைதீவு. அதில் உயிர்தப்பியவர் அலையோசைக்குத் திடுக்கிட்டு எழுந்தால் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. ஆனால் சாதாரணத் தடிமனுக்கு நடுங்குபவனை, இரத்தப் பரிசோதனைக்கு முந்திய இரவெல்லாம் விழித்திருப்பவனை, “எல்லாந்தான் சுகமாயிற்றே, இன்னும் என்ன?” என்று கேட்டுவிடுகிறோம். அடுத்த கட்டிலிற் கிடந்தவர் இறந்துபோக, தான் மட்டும் வீடு திரும்பியதை அவன் யாரிடம் சொல்வான்?

அமெரிக்காவில் சியற்றில் நகரிலே இத்தகையோரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் முதலிலே தேறுகிறது. மனமும் தொழில் செய்யும் ஆற்றலும் பின்தங்கியே வருகின்றன. ஓராண்டு முடிவில் எல்லாவகையிலும் தேறியிருந்தோர் நூற்றுக்கு 19 பேர் மட்டுமே. 5 ஆண்டுகளில் அது 63 ஆயிற்று. நாமோ மூன்றாம் மாதத்திலே “எப்போது வேலைக்குப் போகிறாய்?” என்று தொடங்கிவிடுகிறோம்! ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடிய களைப்பைச் சோம்பல் என்கிறோம். படித்தது நினைவில் நில்லாத மாணவனைக் கவனக்குறைவானவன் என்கிறோம். கலியாணப் பேச்சோ இன்னும் கொடியது. கடும் மருந்தினாற் பலருக்கு மகப்பேறு இல்லாமற் போவதுண்டு. அதை எவரிடம், எப்போது சொல்வது என்ற கவலையிலேயே இளமை கழிகிறது.

மச்சை கொடுத்த அக்காவின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். ஏற்றிய உயிரணுக்கள் சில வேளைகளிற் புதிய உடலையே அந்நியமாகக் கருதித் தாக்குகின்றன. தோல் தடிக்கிறது, கண் உலர்கிறது, ஈரல் கெடுகிறது. இதில் அவளுடைய தவறு எள்ளளவும் இல்லை. ஆயினும் “என் இரத்தமே தம்பியை வதைக்கிறதே” என்று அவள் மறைவில் அழுதால், பெரும்பாலும் எவரும் அதைக் காண்பதில்லை.

இவற்றிற்குப் பரிகாரம் உண்டு. களைப்பும் சோர்வும் தைரொயிட்டுச் சுரப்பிக் குறைவினாலும் வரலாம். ஸ்டீரொயிட்டு மருந்து மனநிலையைக் குலைக்கலாம். ஆகவே முதலில் வைத்தியரிடம் ஒளிவின்றிச் சொல்லவேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்தலாகாது. மனநல வைத்தியரைக் காண்பதைப் பைத்தியப் பட்டமென அஞ்சுவோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம்.

பராமரிப்பவர்களையும் விட்டுவிடலாகாது. ஏறக்குறைய 7 ஆண்டுகள் கடந்த தம்பதியரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்று, பிழைத்தவருக்கு ஒப்பான மனச்சோர்வு துணைவருக்கும் இருந்தது என்றும், அவர்களிற் சிகிச்சை பெற்றோர் குறைவு என்றும் காட்டியது. நம்மூரில் அந்தப் பாரம் பெரும்பாலும் தாயின் தலையில். வேலியோரம் நின்று “தம்பிக்கு இப்ப எப்படி?” என்று கேட்பவர்கள், “அக்கா, நீங்க ராவையில நித்திரை கொள்றீங்களா?” என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.