அச்சுக்கு அடங்கிய சிப்பாய்

ஆன்டர்சன் 1838இல் எழுதிய தேவதைக் கதை ஒன்றில் இருபத்தைந்து பொம்மைச் சிப்பாய்கள் வருகிறார்கள். எல்லோரும் ஒரே பழைய கரண்டியை உருக்கி வார்த்தவர்கள். கடைசி ஆளுக்கு வரும்போது வெள்ளீயம் தீர்ந்துவிட, அவனுக்கு ஒற்றைக் கால்தான். கதையானாலும் தொழில் உண்மை அது: பொம்மைச் சிப்பாய் எப்படி நிற்பான் என்பது அவனை வார்க்கும் பொருளின் கையில் இருக்கிறது.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் 1893இல் ஒரு சிக்கன வழி கண்டார். உருகிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துவிடுவது. உள்ளே கூடான சிப்பாய் கிடைப்பான்; எடையும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் காரீயம் நஞ்சு. குழந்தையின் கைக்குப் போனது வாய்க்குப் போகாதா? 1966இல் வில்லியம் பிரிட்டனின் நிறுவனம் காரீயச் சிப்பாய்களைக் கைவிட்டது.

அதற்குள் பிளாஸ்டிக் படை வந்துவிட்டது. அமெரிக்காவில் 1938இலேயே அதன் முதல் அணி இறங்கியது. அதைப் பெருக்கியது பாலிஎத்திலீன். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. வேதிப்பொருள் நிறுவன ஆய்வகத்தில் 1933இல் தற்செயலாகக் கிடைத்த மெழுகு போன்ற பொருள் இது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கம்பிகளுக்கு உறையாக உழைத்துவிட்டு, போர் ஓய்ந்ததும் வீட்டுக்குள் நுழைந்தது.

இந்தப் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலை முதல் கால்வரை பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். இரண்டு எஃகு அச்சுகள் சேர்ந்த இடம் அது. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி, குளிர்ந்ததும் அச்சைத் திறக்கிறார்கள். உருவத்தில் வளைந்து மறையும் பள்ளம் இருந்தால் அச்சு கழன்று வராது. அதனால்தான் சிப்பாய்கள் தட்டையாக, கைகால்களை இருபுறமும் விரித்து நிற்கிறார்கள்.

சாயம் பூசினால் உரிந்துவிடும். பாலிஎத்திலீன் மூலக்கூறு வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி. சாயம் பற்றிக்கொள்ள அதில் பிடிமானம் இல்லை. ஆகவே நிறத்தைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்துவிட்டார்கள். அமெரிக்கச் சீருடையின் பச்சை அதற்குத் தோதாக அமைந்தது. கையால் சாயம் தீட்டும் கூலி மிச்சமாக, பை நிறையச் சிப்பாய்கள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தார்கள். மிதித்தாலும் உடையாதவர்கள். துப்பாக்கி வளைந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் போட்டால் போதும்.

வியட்நாம் போர் மீதான வெறுப்பு இவர்களின் விற்பனையைச் சரித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக் விலையை ஏற்றியது. 1995இல் 'டாய் ஸ்டோரி' படம் இவர்களைத் திரையில் நடக்கவிட்டது, காலடித் தட்டோடேயே! 2014இல் அமெரிக்கத் தேசியப் பொம்மைப் புகழ் மன்றத்திலும் இடம் பிடித்தார்கள்.

2019இல் அமெரிக்காவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, இந்தப் படையில் ஏன் பெண்களே இல்லை என்று கடிதம் எழுதிக் கேட்டாள். கேள்வி எளிது, பதிலுக்கோ புதிய எஃகு அச்சுகளே வெட்டியாக வேண்டும். பி.எம்.சி. டாய்ஸ் நிறுவனம் பொதுமக்களிடம் பணம் திரட்டி வெட்டியது. அடுத்த ஆண்டே பெண் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களின் பக்கவாட்டிலும் அதே மெல்லிய கோடு.