தோல்ஷாப் ஊரும் கரிக்கிற கிணறும்

ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோல்ஷாப்தான். எங்க பாலாற்றங்கரை ஊர்கள் காசு பார்த்தது தோலால் என்பதை நான் மறுக்கலை. விலை கொடுத்தது யாரு என்பதுதான் கேள்வி.

முன்னாடி ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோல் பதனிட்டாங்க. அப்பவும் கழிவு நாறும், உப்பும் இருக்கும். 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுத்தோலாக்க குரோம் பெருகியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். ஆற்று மணலுக்கடியில் இருந்த நல்ல தண்ணியை உறிஞ்சி, உப்பும் குரோமியமுமாத் திருப்பி விட்டாங்க. தோல்ஷாப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் ஓரளவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. மாசு செய்தவரே ஈடு கட்டணும் என்ற தீர்ப்பு அது. கூடவே ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம். (ஒரு தென்னந்தோப்பு என்ன விலை?)

என் கிணறு இன்னும் கரிக்குது. இந்தப் பக்கம் இயற்கை விவசாயத்துக்கு வர நினைக்கிறவங்க கவனிங்க: பஞ்சகவ்யமும் மண்புழு உரமும் உப்பைத் தின்னாது. முதல்ல மண், தண்ணி ரெண்டிலும் உப்பு அளவு பாருங்க. குரோமியத்தைத் தனியாகச் சோதிக்கக் கேளுங்க. கூடுதலா இருந்தா சாப்பாட்டுப் பயிர் வேண்டாம். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணியைத் தேக்கி, வடிகாலில் உப்பைக் கழுவி விடணும். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கும், விதைச்சு பூப்பதற்குள் மடக்கி உழுங்க. என் மேட்டு வயலில் மூணாவது மழைக்காலம் கழிச்சுத்தான் கேழ்வரகு கதிர் பிடிச்சது. கிணற்றடி வயல் இன்னும் தக்கைப்பூண்டோடதான் கிடக்குது.